காய்ந்த பின்னால் தெரிந்த கறை

கறை எடுக்கும் மேஜைக்கு முன்னால் புதிதாக நிற்கப் போகிற உங்களிடம் மருந்துகளின் பெயரைச் சொல்ல நான் வரவில்லை. எந்தக் கறைக்கு எந்தப் புட்டி என்பதை உங்கள் கடையிலேயே காட்டிக் கொடுப்பார்கள். கை பழகிவிட்டால் அது தானாக வரும். ஆனால் புட்டியை எடுக்கும் முன் கொஞ்ச நேரம் சும்மா நிற்க வேண்டிய நாட்கள் வரும். அப்படி ஒரு நாளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நான் வேலை பார்த்தது தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருந்த டிரை கிளீனிங் கடையில். எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். வேதியியல் படித்தேன். வீட்டில் பெரும்பாலும் ஆசிரியர்கள் என்பதால் நானும் பள்ளிக்கூடத்துக்குத்தான் போவேன் என்று நினைத்திருந்தார்கள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு, கறை எடுக்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன்; ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். கடை முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

கப்பல்காரர்களின் வெள்ளைச் சீருடை, மாதா கோயில் சாமியார்களின் பூசை உடுப்பு, கல்யாணப் பட்டு, வழக்கறிஞர்களின் கோட்டு என்று எல்லாமும் எங்களிடம் வரும். குழம்பு, எண்ணெய், கிரீஸ் இவற்றின் கறை வந்த அன்றே தெரிந்துவிடும். அதோடு சண்டை போடுவது எளிது. இன்னொரு வகை இருக்கிறது. இளநீர், பதநீர், கலர் இல்லாத சோடா, சர்க்கரைத் தண்ணீர். சிந்தும்போது தண்ணீர் மாதிரி இருக்கும். காய்ந்ததும் சிந்தின இடமே தெரியாது. ஆனால் அதிலிருந்த இனிப்பு நூலுக்குள் இருந்துகொண்டே இருக்கும். அலமாரிக்குள் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் கிடக்கும்போது மெல்லப் பழுப்பாக மாறும். சூடு பட்டால் காத்திருக்கவும் வேண்டாம், கண் முன்னாலேயே வந்துவிடும்.

ஒரு துறைமுக அதிகாரியின் வெள்ளைச் சட்டை எங்கள் இஸ்திரிக்காரர் கையில் அப்படித்தான் ஆயிற்று. பெட்டியை வைத்து எடுத்தார். மார்புப் பக்கத்தில் தேயிலைத் தண்ணீர் கொட்டினது போல ஒரு வட்டம். தான் ஒன்றும் செய்யவில்லை என்று இஸ்திரிக்காரர் சத்தியம் பண்ணினார். கொடுக்கும்போது சட்டை சுத்தமாக இருந்தது என்று அதிகாரியும் அடித்துச் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. இந்த வகைக் கறையில் இருக்கிற பெரிய தொந்தரவே இதுதான். அது தெரிய வருகிற நேரத்தில் யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் தலையில் பழி விழும்.

ரெஜினாம்மா எங்கள் கடைக்கு வந்ததும் பழியோடுதான்.

கடற்கரைத் தெருவில் விசைப்படகு வைத்திருக்கிற குடும்பம். கணவர் இல்லை, மகன் தொழிலைப் பார்க்கிறார். அந்த அம்மா முன்னால் வந்தார். ஒரு அடி பின்னால் மருமகள் சகாயராணி, கையில் பையோடு. பையை வாங்கி, வெள்ளைத் துணியில் சுற்றின ஒரு பொதியை எடுத்து மேஜையில் வைத்தது ரெஜினாம்மாதான். மருமகளை அதைத் தொட விடவில்லை. அதை அப்போதே கவனித்தேன்.

உள்ளே சந்தன நிறப் பட்டு. கையகல ஜரிகைக் கரை. விரித்தபோது கொசுவம் வருகிற பகுதியில் பெரிதும் சிறிதுமாகப் பழுப்புத் திட்டுகள்.

அந்த அம்மா அழாமல், நிறுத்தாமல் விவரம் சொன்னார். சேலை அவருடைய மூத்த மகள் ஜெசிந்தாவின் கல்யாணச் சேலை. கல்யாணமான மறுவருஷமே ஜெசிந்தா காய்ச்சலில் இறந்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் அவளுடைய சாமான்களைத் திருப்பிக் கொடுத்தபோது இந்தச் சேலையும் வந்தது. வெள்ளைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தவர், அதன் பிறகு அதைப் பார்க்கவே மனது வராமல் விட்டுவிட்டார். இப்போது இளையவள் ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறது. அக்கா கட்டின சேலையைக் கட்டித்தான் கோயிலுக்குப் போவேன் என்று ஸ்டெல்லா சொன்னாளாம். பொதியைப் பிரித்தால் இந்தக் கோலம்.

கறை போகுமா என்றுதான் கேட்பார் என்று நான் காத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"இது பழைய கறையா, புதுக் கறையா? அத மட்டும் சொல்லு."

பின்னால் நின்ற சகாயராணி தலையைக் குனிந்துகொண்டாள். சில மாதங்களுக்கு முன் அவள் உடன்குடியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். உன் மருமகள் சந்தனப் பட்டில் வந்திருந்தாள் என்று யாரோ ரெஜினாம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அலமாரிச் சாவி மருமகளிடம்தான் இருக்கும். அவளிடம் சொந்தமாக ஒரு சந்தன நிறச் சேலை இருப்பதும் உண்மை. எந்தச் சேலையைக் கட்டிப் போனாள் என்பதுதான் வீட்டில் சண்டை. மகன் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் பேச முடியாமல் படகே கதி என்று கிடக்கிறாராம். ஸ்டெல்லா அண்ணியோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

"நான் எடுக்கல மாமி" என்றாள் சகாயராணி. பலமுறை சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல்.

உள்ளேயிருந்து அண்ணாச்சி எழுந்து வந்தார். கறையை என்ன என்று கேள், யார் போட்டது என்று கேட்காதே என்பது அவர் எங்களுக்குப் போட்டிருந்த சட்டம். நல்ல சட்டம்தான். துணியில் எத்தனையோ வீட்டு ரகசியங்கள் வரும், அதையெல்லாம் நாம் பேசத் தொடங்கினால் கடை நடத்த முடியாது. சேலையை விட்டுவிட்டுப் போகும்படியும், பார்த்துவிட்டுச் சொல்லி அனுப்புவதாகவும் அவர் தன்மையாகச் சொன்னார். ரெஜினாம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பதில் தெரியாமல் எழுந்திருக்க மாட்டேன் என்றார்.

நான் சேலையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். என் முதுகில் இரண்டு பேருடைய பார்வையும் இருந்தது.

திட்டுகளுக்கு ஓரம் அடர்த்தியாகவும் நடுவில் வெளிறியும் இருந்தது. தண்ணீர் மாதிரி ஏதோ சிந்தி, பரவி, காய்ந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு துளி சுத்தத் தண்ணீர் வைத்து விரலால் தொட்டுப் பார்த்தேன். லேசான பிசுபிசுப்பு. இனிப்புதான், சந்தேகமில்லை. பெரிய திட்டின் ஒரு பக்கத்தில் மட்டும், இழுத்துத் துடைத்த தடம் போல, மங்கலாகப் பச்சை ஓடியிருந்தது. இளநீரோ பதநீரோ பச்சை நிறம் விடாது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்குப் புரியவில்லை. புரியாததைப் பற்றி அப்போது வாய் திறக்கவும் இல்லை.

இனி நான் சொல்லப் போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பழைய கறை என்று சொல்லிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. ஒரு வார்த்தை. அந்தப் பெண் தப்பித்துவிடுவாள். அவளுடைய குரலைக் கேட்டபோதே அவள் பொய் சொல்லவில்லை என்று என் மனது முடிவு கட்டிவிட்டது. ஆனால் குரலை வைத்து முடிவு கட்டுவது என் வேலை இல்லை. இனிப்புக் கறை எத்தனை நாள் ஆனது என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பல வருஷம் குளிர்ந்த இடத்தில் இருந்ததும், சில மாதம் நம் ஊர் வெயிலில் கொதிக்கிற அலமாரியில் இருந்ததும் ஒரே நிறத்துக்கு வரலாம். இன்று நான் இரக்கப்பட்டு ஒரு பொய் சொன்னால், நாளைக்கு வேறொரு கடையில் வேறொருவர் சொல்ல முடியாது என்று உண்மையைச் சொல்லிவிடுவார். அப்போது என் பொய்யும் சேர்ந்து அவள் தலையில்தான் விழும்.

திரும்பி வந்து சொன்னேன், இது ஏதோ இனிப்பான தண்ணீர் சிந்தின கறை, நிறமில்லாத பானம் என்று.

ரெஜினாம்மா சட்டென்று நிமிர்ந்தார். "உடன்குடிக் கல்யாணத்துல வாரவகளுக்கெல்லாம் பதநீர்தான் ஊத்திக் குடுத்தாக."

சகாயராணியின் முகம் வெளுத்துவிட்டது. நான் சொன்ன உண்மை அவளை இன்னும் ஆழத்தில் தள்ளியிருந்தது. பதநீர்தானா என்று கேட்டார் அந்த அம்மா. பதநீராக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம் என்றேன். எவ்வளவு நாளாச்சு என்று கேட்டார். அதைச் சொல்ல முடியாது என்றேன். ஏன் முடியாது என்பதையும் விளக்கினேன்.

"அப்ப இவ போட்டதாவும் இருக்கலாம்லா?"

"இருக்கலாம்மா."

அந்த வார்த்தையை என் வாயால் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. சகாயராணி காலிப் பையை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே போதும் என்றார்.

எனக்குப் போதவில்லை. தெரியாது என்று உண்மையைச் சொல்லிவிட்டால் நம் பொறுப்பு முடிந்துவிடுகிறது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நான் ஒரு பொய்யும் சொல்லாமலே ஒரு பெண்ணைக் கெடுத்திருப்பேன். தெரியாது என்றால், தெரிந்துகொள்ள இன்னும் என்ன கேட்கலாம் என்று பார்க்க வேண்டும். கறை இரண்டு கல்யாணங்களில் ஏதோ ஒன்றில் விழுந்திருக்கலாம். அந்த அம்மா ஒன்றைப் பற்றித்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, உடன்குடிக் கல்யாணத்துல என்ன குடுத்தாகன்னு சொல்லிட்டீங்க. ஜெசிந்தா கல்யாணத்தன்னைக்கு அவ என்ன குடிச்சா?"



"செத்துப் போனவ மேல குத்தம் சொல்லுதியா நீ?" என்றார் ரெஜினாம்மா. சத்தம் போடவில்லை. அதனால்தான் அதிகம் பயமாக இருந்தது. அண்ணாச்சி குறுக்கே வந்து, அந்தப் பேச்சு வேண்டாம், சேலையைக் கொண்டு போய்விடுங்கள் என்று சொல்லத் தொடங்கினார். நான் மேஜையைச் சுற்றி வந்து அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாடிக்கையாளர் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றுதான் முதல் தடவை. குற்றம் சொல்லவில்லை என்றும், இந்தச் சேலையை முதலில் கட்டின நாள் அதுதான் என்பதால் அந்த நாளைப் பற்றியும் எனக்குத் தெரிய வேண்டும் என்றும் சொன்னேன். காலையிலிருந்து சொல்லுங்கள் என்றேன்.

முதலில் அவர் சொல்ல மறுத்தார். பிறகு, எனக்குச் சொல்வதற்காக இல்லாமல், மகளைப் பற்றிப் பேச ஒரு இடம் கிடைத்ததற்காகவே சொல்ல ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். பூசையில் வெறும் வயிற்றோடு நற்கருணை வாங்க வேண்டும் என்று ஜெசிந்தா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடத் தொடவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தால் நல்ல வெயில். கோயில் படியில் நிற்கவைத்து, திரும்பச் சொல்லி, சிரிக்கச் சொல்லி, ஒவ்வொரு குடும்பமாக வந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அம்மாதான் கவனித்தார், மகளின் உதடு வறண்டு, நிற்க முடியாமல் மாப்பிள்ளையின் கையைப் பிடிப்பதை. எல்லோரையும் விலக்கிவிட்டு அவளைக் காரில் கொண்டுபோய் உட்காரவைத்தார்.

 அவர் கை தான் கட்டியிருந்த சேலையின் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

"இளநி வாங்கிட்டு வரச் சொன்னேன்" என்றார்.



"தம்ளர்ல ஊத்தி நான்தான் வாயில வச்சேன். மாலைய ஒதுக்கிக் குடிக்கத் தெரியாம மடியில சிந்திக்கிட்டா. சேல போச்சேம்மான்னு அழுதா. தண்ணி மாதிரிதான இருக்கு, காஞ்சிரும்ளான்னு நான்தான் சொன்னேன். காஞ்சும் போச்சு. ஒண்ணுமே தெரியல."

"எத வச்சுத் தொடச்சீங்க?"

"என் முந்தானைய வச்சுத்தான்."

"அன்னைக்கு நீங்க என்ன நெறத்துல கட்டியிருந்தீங்க?"

அவர் என்னை வெறித்துப் பார்த்தார். "மயில் பச்ச. புதுப் பட்டு."

சேலையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய், அந்த அம்மாவையும் கூப்பிட்டு, பெரிய திட்டின் ஓரத்தில் ஓடியிருந்த பச்சைத் தடத்தைக் காட்டினேன். புதுப் பட்டு ஈரம் பட்டால் சாயம் விடும் என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை அவரே பார்த்துக்கொண்டார். விரலை அந்தத் தடத்தின் மேல் வைத்து, துடைத்த திசையிலேயே ஒருமுறை நகர்த்தினார்.

சகாயராணி வாசலில் அப்படியே நின்றிருந்தாள். ரெஜினாம்மா திரும்பி அவளைப் பார்த்தார். மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அந்தத் தலைமுறைக்கு மருமகளிடம் அது வாயில் வராது. "வெயில்ல நிக்காதளா, உள்ள வந்து உக்காரு" என்றார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார். சகாயராணி அப்போதுதான் அழுதாள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த சிக்கல் அப்போதுதான் தொடங்கியது. சேலையை மடித்து எடுத்துக்கொண்டே, கறை எடுக்க வேண்டாம் என்றார் ரெஜினாம்மா. மகளுக்குக் கடைசியாக ஒருநாள் தன் கையால் ஊட்டினது அது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். ஸ்டெல்லாவுக்கு வேறு சேலை எடுத்துக்கொள்ளலாம் என்றார். அண்ணாச்சியின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எத்தனையோ வருஷம் ஊறின கறை, ஜரிகைக்குப் பக்கத்தில், திரும்ப வாங்க முடியாத சேலை. கெட்டுப்போனால் கடையின் பெயர் போய்விடும். அவருக்கு அதை எடுப்பதில் ஆரம்பத்திலிருந்தே விருப்பமில்லை.

வாடிக்கையாளர் வேண்டாம் என்கிறார், முதலாளியும் வேண்டாம் என்கிறார். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு விஷயம் அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது அல்லது அப்போது தோன்றவில்லை. இந்தக் கறை இப்போது இருப்பது போலவே இருக்காது. இன்னும் கறுக்கும். அந்த இடத்தில் பட்டு நைந்து, தொட்டால் கிழியும். இனிப்புக்குப் பூச்சியும் வரும். பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, ஒருநாள் பிரித்துப் பார்த்தால் கறை இருந்த இடம் ஓட்டையாக இருக்கும். இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொன்னேன். முடிவு உங்களுடையது, ஆனால் தெரிந்து முடிவு செய்யுங்கள் என்றேன். எடுக்கும்போது சேலைக்கு ஆபத்து உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

"அந்தப் பச்சையும் போயிருமா?"

"போயிரும்மா."

 அடுத்துப் பேசியது சகாயராணி. அத்தனை நேரத்தில் அவள் தானாகச் சொன்ன முதல் பேச்சு அது. ஸ்டெல்லா அக்காவின் சேலையைத்தான் ஆசைப்பட்டுக் கேட்டாள், வேறு சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலில் நின்றால் அவளுக்கு மனது ஆறாது என்றாள். தன்னோடு பேசாமல் இருந்த நாத்தனாருக்காக அவள் பேசினாள்.

ரெஜினாம்மா சேலையைத் திரும்ப மேஜையில் வைத்தார்.

"எடுத்துரும்மா. ஜெசிந்தாவுக்கு அழுக்குச் சேல கட்டுனா பிடிக்காது."

அவர்கள் போன பிறகு அண்ணாச்சி என்னிடம் கோபப்பட்டார். நியாயமான கோபம். யார் போட்டது என்று கேட்காதே என்ற சட்டத்தை நான் உடைத்திருந்தேன். வேண்டாம் என்று விட்டுப்போகிற வேலையையும் இழுத்து வைத்திருந்தேன். சேலை கெட்டால் நான்தான் பொறுப்பு என்றேன். அது எப்படி, கடைப் பலகையில் உன் பெயரா இருக்கிறது என்று கேட்டார். பிறகு உள்ளே போய், ஜன்னலோரத்தில் இருந்த தன்னுடைய மேஜையைக் காலி பண்ணிக் கொடுத்தார். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கும்.

வேலையை விவரித்து உங்களைச் சலிக்க வைக்க மாட்டேன். உள்ளே மறைகிற முனையில் சோதித்துப் பார்த்தேன், ஜரிகையை ஒதுக்கிக் கட்டினேன், தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தேன், ஒவ்வொரு முறையும் முழுதாகக் காயவிட்டு மறுநாள் பார்த்தேன். அவ்வளவுதான். கஷ்டம் எல்லாம் அவசரப்படாமல் இருப்பதில் இருந்தது. கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா ஒருநாள் தானே வந்து நின்றாள். சுறுசுறுப்பான பெண். கடுமையான மருந்து ஏதாவது போட்டுச் சீக்கிரம் முடிக்க முடியாதா என்று கேட்டாள். முடியும், ஆனால் கல்யாணத்தன்று சேலை கிழிந்தால் நான் வந்து தைத்துத் தர முடியாது என்றேன். அவளுக்குக் கோபம் வந்தது. இருந்தாலும் போகும்போது, அந்தப் பச்சைத் தடம் எங்கே என்று கேட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

சிறிய திட்டுகள் எல்லாம் போயின. பச்சை போயிற்று. அது மறைந்த அன்று எனக்கே என்னமோ போல இருந்தது. பெரிய திட்டும் வெளிறி வெளிறிக் கடைசியில் ஒரு நிழல் மட்டும் நின்றது. எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். தெரிந்து பார்த்தால்தான் தெரியும். இன்னும் ஒரு தடவை மருந்து வைத்தால் அதுவும் போய்விடும் என்று கை துறுதுறுத்தது.

விரலை அந்த இடத்துக்கு அடியில் கொடுத்துத் தடவினேன். மற்ற இடத்தில் இருந்த வழுவழுப்பு அங்கே இல்லை. பட்டு தன்னால் முடிந்தவரை தாங்கிவிட்டது. இன்னொரு தடவை தாங்கலாம், தாங்காமலும் போகலாம். உங்களுக்கும் இந்த இடம் வரும். கறை தோற்கப் போகிறது என்று தெரிகிற நேரத்தில்தான் நமக்கு வெறி வரும். அப்போது நாம் சேலைக்காக வேலை செய்கிறோமா, ஜெயிப்பதற்காக வேலை செய்கிறோமா என்று கையை நிறுத்திக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் மருந்துப் புட்டியை மூடினேன். அண்ணாச்சி வந்து குனிந்து பார்த்தார். சேலையை அவரே தூக்கிக் கொடியில் போட்டார்.

வாங்க வந்தபோது நிழலை மறைக்காமல் காட்டினேன். ஸ்டெல்லாவின் முகம் விழுந்தது. பக்கத்தில் நின்ற சகாயராணி சேலையை வாங்கி, இடுப்பில் வைத்து அளந்து, கொசுவத்தை விரலால் மடித்துப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி மடித்தபோது நிழல் உள்மடிப்புக்குள் போய்விட்டது. "நான் கட்டிவிடுதேன், வெளிய தெரியாது" என்றாள். ஸ்டெல்லா ஒரு நொடி தயங்கிவிட்டு, "நீங்களே கட்டிவிடுங்க மைனி" என்றாள். அவர்களுக்குள் பேச்சு தொடங்கினது எங்கள் கடை மேஜைக்கு முன்னால்தான்.

கல்யாணத்துக்கு நானும் போனேன். கோயிலுக்குள் எல்லோரும் மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்தார்கள். நான் கொசுவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சகாயராணி சொன்னதைச் செய்திருந்தாள்.

இந்தக் கதையை ஒருமுறை சொன்னபோது உங்களைப் போல ஒரு இளம்பெண் கேட்டாள்: அந்த அம்மாவுக்கு இளநீர் ஞாபகம் வராமலே போயிருந்தால்? எனக்கும் அதே கேள்வி பலமுறை வந்திருக்கிறது. வராமல் போயிருக்கலாம்தான். அப்படியானால் கார் ஓட்டினவரைக் கேட்டிருப்பேன், போட்டோ எடுத்தவரைக் கேட்டிருப்பேன், மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்டிருப்பேன். எதுவும் கிடைக்காமலும் போயிருக்கலாம். எல்லாக் கறைக்கும் பதில் கிடைக்காது. ஆனாலும் தெரியாது என்று சொன்ன கையோடு அந்தப் பெண்ணை வாசலோடு அனுப்பியிருக்க மாட்டேன்.

கல்யாணம் முடிந்த மறுநாளே மாமியாரும் மருமகளும் கடைக்கு வந்தார்கள். விருந்துக் களைப்பு இரண்டு பேர் முகத்திலும் இருந்தது. பையைச் சகாயராணி கொண்டுவந்தாள், சேலையை அவளே எடுத்து மேஜையில் வைத்தாள். அலமாரியில் வைக்கும் முன் கொண்டுவந்துவிட வேண்டும் என்று ரெஜினாம்மா விடாப்பிடியாக நின்றாராம்.

விரித்துப் பார்த்தேன். அந்தப் பழைய நிழலைத் தவிர, சந்தனப் பட்டு ஒரு குறையும் இல்லாமல் மின்னியது. ஆனால் அங்கங்கே வெள்ளை நூலில் பெரிய பெரிய தையலாக வட்டம் போட்டிருந்தது. முந்தானையில் ஒன்று, மடியில் இரண்டு, கரைக்குப் பக்கத்தில் சிறியதாக இன்னொன்று.

நான் நிமிர்ந்து பார்த்தேன். ராத்திரியே இரண்டு பேரும் ஸ்டெல்லாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, எங்கெங்கே என்ன சிந்தியது என்று விசாரித்துத் தைத்தார்களாம். ரெஜினாம்மா குனிந்து ஒவ்வொரு வட்டமாகத் தொட்டுக் காட்டினார். "இது சோடா. இங்கன பாயாசத் தண்ணி. இது ரெண்டும் இளநி. இவதான் ஊட்டிவிட்டா" என்று மருமகளைக் காட்டினார்.

வட்டங்களுக்குள்ளே என் கண்ணுக்கு எதுவுமே தெரியவில்லை. சேலையை ஜன்னலோரத்துக்குக் கொண்டுபோய், முதல் வட்டத்திலிருந்து வேலையைத் தொடங்கினேன்.